காலையில் குறிப்பேடு, மதியம் அலுவலகம்

கும்பகோணத்தில் ஒரு மாடியறையில் இயங்கிய டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் நான் சுருக்கெழுத்து பழகத் தொடங்கியபோது எனக்குப் பதினெட்டு வயது. எழுத்துக்கூட்டலை மறந்துவிட்டுக் காதில் விழும் ஒலியை மட்டும் எழுத வேண்டும் என்று முதல் நாளே மாஸ்டர் சொல்லிவிட்டார். பிட்மேன் முறையில் மெல்லிய கோடு ஒரு மெய்யொலி. அதையே சற்று அழுத்தி எழுதினால் அதன் இணையொலி. உயிரொலிகள் புள்ளிகளாகவும் சிறு கோடுகளாகவும் பக்கத்தில் நிற்கும். வேகம் கூடக்கூட அவையும் உதிர்ந்துவிடும். ஓராண்டுக்குப் பிறகு பேருந்தில் யாராவது பேசிக்கொண்டு வந்தால் என் விரல் தானாகவே மடியில் கோடு போடத் தொடங்கியிருந்தது. ஜூனியர், சீனியர் தேர்வுகளை முடித்து ஓர் அரசு அலுவலகத்தில் ஸ்டெனோவாகச் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை பகலெல்லாம் பிறர் சொன்னதை எழுதினேன். விடியலுக்கு முன், வீடு எழுந்திருக்காத நேரத்தில், பிள்ளைகளுக்கான நீண்ட மாயக்கதைகளை எழுதினேன்.

பணிக்காலம் முழுவதும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்று உண்டு. அரசாணைகளையும் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளையும் எழுதுகிற கை, பேசும் மலையையும் கடலுக்கடியில் ஓடும் ரயிலையும் எப்படி எழுதுகிறது என்பார்கள். அன்போடு கேட்டவர்களும் உண்டு. ஆனால் அந்தக் கேள்விக்குள், மாயக்கதை எழுதுகிறவர் ஓய்வும் தனிமையும் நிரம்பியவராக, ஜன்னலருகே அமர்ந்து கனவு காண்பவராக இருக்க வேண்டும் என்ற எண்ணம் ஒளிந்திருந்தது. அது என்னை நெடுங்காலம் வருத்தியது. என் கதைகள் அலுவலகத்தையும் மீறி எப்படியோ பிழைத்து வந்தவை என்று நானே நம்பத் தொடங்கியிருந்தேன். ஸ்வீடன் எழுத்தாளர் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரெனின் வேலை நாள் எப்படி அமைந்திருந்தது என்று படித்த பிறகுதான் அந்த நம்பிக்கை கலைந்தது. 100க்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் போயிருக்கும் அவருடைய நாவல்கள் ஒரு சுருக்கெழுத்தாளரின் கையால் எழுதப்பட்டவை.

1907 நவம்பர் 14 அன்று விம்மர்பி என்ற சிற்றூரை ஒட்டிய நேஸ் பண்ணையில் ஒரு விவசாயக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பள்ளி முடிந்ததும் உள்ளூர்ப் பத்திரிகையில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். பதினெட்டு வயதில், மணமாகாத நிலையில், கருவுற்றார். ஊர்வாயிலிருந்து விலகி 1926இல் ஸ்டாக்ஹோம் வந்து தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றார். அந்த டிசம்பரில் கோபன்ஹேகனில் மகன் லார்ஸ் பிறந்தான். அங்கேயே ஒரு வளர்ப்புத் தாயிடம் குழந்தையை விட்டுவிட்டுத் தாய் மட்டும் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. செயலாளர் சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசு சேரும்போதெல்லாம் ரயிலேறிப் போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வருவார். மூன்று வயது கடந்த பிறகு, 1930இல்தான் அவனைத் தன்னிடம் அழைத்துக்கொள்ள முடிந்தது. சுருக்கெழுத்து அவருக்கு வந்தது இந்த வழியில், பிழைப்புக்காக, ஒரு பிள்ளையை மீட்பதற்காக. பெண்களுக்கு அந்தக் காலத்தில் திறந்திருந்த சில கதவுகளில் அதுவும் ஒன்று. எங்கள் ஊரில் எங்கள் தலைமுறைப் பெண்கள் பலருக்கும் அதே கதவுதான் திறந்தது என்பதால் இந்த இடத்தை என்னால் வேகமாகப் படித்துக் கடக்க முடிவதில்லை.

அதன் பிறகான வேலைகள் எல்லாம் பிறர் சொற்களோடு தொடர்புடையவை. ஆட்டோமொபைல் கிளப்பில் செயலாளர். அங்கேதான் பின்னாளில் கணவரான ஸ்டூரே லிண்ட்கிரெனைச் சந்தித்தார். பிறகு குற்றவியல் அறிஞர் ஹாரி சோடர்மனிடம் சுருக்கெழுத்துப் பணி. 1940இல், நாடு நடுநிலை வகித்தாலும் சுற்றிலும் போர் எரிந்துகொண்டிருந்த நேரத்தில், அஞ்சல் தணிக்கைத் துறையில் வேலை கிடைத்தது. வெளிநாட்டுக்குப் போகும், அங்கிருந்து வரும் கடிதங்களைப் பிரித்துப் படித்துத் தணிக்கை செய்யும் ரகசியப் பணி அது. முன்பின் தெரியாதவர்களின் பிரிவையும் பயத்தையும் அவர் அங்கே படித்தார். அதே ஆண்டுகளில் செய்தித்தாள் நறுக்குகளை ஒட்டித் தன் குடும்பத்தின் போர்க்கால நாட்குறிப்பையும் எழுதிவந்தார். அது 17 குறிப்பேடுகளுக்கு வளர்ந்தது.

லிண்ட்கிரெனின் புகழ்பெற்ற சிறுமிப் பாத்திரமான பிப்பி பிறந்த கதை பலருக்கும் தெரிந்ததுதான். 1941இல் நோயில் கிடந்த மகள் கரின், பிப்பி நீள்காலுறை என்ற பெயரைத் தானே உண்டாக்கி அவளைப் பற்றிக் கதை கேட்டாள். 1944 மார்ச்சில் பனியில் சறுக்கிக் கணுக்கால் பிசகிப் படுத்த தாய், அந்தக் கதைகளைச் சுருக்கெழுத்தில் எழுதினார். பெரிய பதிப்பகம் ஒன்று மறுத்த கையெழுத்துப் பிரதி, திருத்தி எழுதப்பட்டு, 1945இல் ரபேன் அண்ட் ஷோக்ரென் பதிப்பகத்தின் போட்டியில் முதல் பரிசு பெற்றது. என் கவனம் வேறொரு சிறு விவரத்தில் நிற்கிறது. கால் சரியான பிறகும் அவர் படுக்கையில் எழுதுவதை விடவில்லை. ஸ்டாக்ஹோமில் வாசா பூங்காவைப் பார்த்த டாலகாத்தன் 46ஆம் எண் வீட்டில், காலை வேளையில், சுருக்கெழுத்துக் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு படுக்கையிலேயே எழுதுவது அவர் வாழ்நாள் வழக்கமாயிற்று.

1946இல் அதே பதிப்பகம் அவரைச் சிறுவர் நூல் பிரிவின் பதிப்பாசிரியராக அரைநாள் வேலைக்கு அமர்த்தியது. 1970 வரை, ஏறத்தாழ இருபத்துநான்கு ஆண்டுகள், நாள் இரண்டாகப் பிரிந்திருந்தது: காலையில் படுக்கையும் குறிப்பேடும், மதியம் ஒரு மணியிலிருந்து மாலை ஐந்து மணிவரை அலுவலகமும். அந்தக் காலத்திலேயே அவர் ஸ்வீடனின் மிகப் பிரபலமான எழுத்தாளர்களில் ஒருவர். வேலையை விட்டுவிடும் வசதி நெடுங்காலம் முன்பே வந்திருக்கும். விடவில்லை. ஒரு மணிக்கு ஓரிடத்தில் இருந்தாக வேண்டும் என்று தெரிந்த மனிதரின் காலை நேரம் இறுக்கமானது. அதற்குள் தயக்கத்துக்கு இடமில்லை. என் அனுபவத்தில், எட்டே முக்கால் பேருந்தைப் பிடிக்க வேண்டிய நாட்களில் நான் எழுதிய பக்கங்கள்தான் நின்றிருக்கின்றன. ஓய்வு பெற்ற பின் நாள் முழுவதும் கையில் இருந்த முதல் ஆண்டில் ஓர் அத்தியாயம்கூட முடிக்கவில்லை.

சுருக்கெழுத்து ஒரு கதையாசிரியருக்கு என்ன தருகிறது என்பதை அதைப் பழகாதவர்களுக்குச் சொல்வது கடினம், ஆனால் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். சாதாரண எழுத்தில் கை எப்போதும் மனத்துக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வருகிறது. ஒரு வாக்கியம் முடிவதற்குள் அடுத்த வாக்கியத்தின் தொனி மறைந்துவிடுகிறது. சுருக்கெழுத்தில் கை பேச்சின் வேகத்துக்கு ஓடுகிறது. அதனால் அதில் எழுதுகிறவர், தனக்குள்ளே யாரோ சொல்ல, அதைக் கேட்டு எழுதும் நிலைக்கு எளிதில் போய்விடுகிறார். லிண்ட்கிரெனின் நாவல்களில் எவரோ நம் அருகில் அமர்ந்து பேசுவது போன்ற குரல் இருக்கிறதே, அது டிக்டேஷன் எடுத்துப் பழகிய காதிலிருந்து வந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். இன்னொன்றும் உண்டு. சுருக்கெழுத்துப் பக்கம் முடிந்த எழுத்தைப் போலத் தோற்றமளிப்பதில்லை. அழகாக அச்சிட்டதுபோல் இருக்கும் பக்கத்தை அடிக்க மனம் வருவதில்லை; கோடுகளால் ஆன பக்கத்தை அடித்துவிட்டு மறுபடி எழுதலாம், பத்து முறையும் எழுதலாம். அவர் அப்படித்தான் செய்தார். ஒரே பத்தியை, ஓசை சரியாக விழும்வரை, திரும்பத் திரும்ப எழுதினார். முடிந்த பின்னரே தானே தட்டச்சில் ஏற்றினார். ஸ்டெனோ வேலையில் டைப் அடிக்கும் நேரம்தான் இரண்டாம் முறை கேட்கும் நேரம். சொன்னவர் விட்ட பிழையும் எழுதியவர் விட்ட பிழையும் அப்போதுதான் தெரியும்.

1954இல் வந்த மியோ பற்றிய நாவலைத் தமிழ் வாசகர்கள் அவ்வளவாக அறிய மாட்டார்கள். எனக்கு அவர் எழுதியவற்றில் மிக நெருக்கமானது அது. கதை தொடங்கும் விதத்தைப் பாருங்கள். கடந்த ஆண்டு அக்டோபர் 15 அன்று வானொலியில் வந்த காவல்துறை அறிவிப்பைக் கேட்டீர்களா என்று ஒரு சிறுவன் நம்மிடம் கேட்கிறான். உப்லாண்ட்ஸ்காத்தன் 13ஆம் எண் வீட்டிலிருந்து ஒன்பது வயது போ வில்ஹெல்ம் ஒல்சன் காணாமல் போயிருக்கிறான். முடி நிறம், கண் நிறம், அணிந்திருந்த உடை. ஒரு மாயக்கதை அலுவலக மொழியில் தொடங்குகிறது. காணாமல் போனவர் குறித்த அறிவிப்பின் நடை எவ்வளவு வறண்டது என்று எனக்குத் தெரியும்; நானும் எத்தனையோ முறை டைப் அடித்திருக்கிறேன். அந்த வறட்சிக்குப் பக்கத்திலேயே அந்தப் பிள்ளையின் குரல் வருகிறது: என்னை யாரும் கண்டுபிடிக்கவில்லை, நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும் என்கிறது. ஆண் குழந்தையை விரும்பாத வளர்ப்புப் பெற்றோரிடமிருந்து, பீர் பாட்டிலில் அடைபட்ட பூதத்தின் கையைப் பற்றிக்கொண்டு, தன் தந்தை அரசாளும் தொலைநாட்டுக்குப் போய்விட்டவன் அவன். அங்கே அவன் பெயர் மியோ. கல் இதயமும் இரும்பு நகமும் கொண்ட காட்டோ என்ற கொடியவனை அவன் எதிர்கொள்ள வேண்டும்.

அந்த நாவலின் விதை, அலுவலகத்துக்குப் போகும் வழியில் விழுந்தது. பதிப்பகம் டெக்நேர்காத்தன் என்ற தெருவில் இருந்தது. பக்கத்திலேயே டெக்நேர்லுண்டன் என்ற சிறு பூங்கா. அதன் பெஞ்சில் ஒரு சிறுவன் தனியாக, சோர்ந்து உட்கார்ந்திருந்ததை அவர் ஒரு நாள் கண்டார். அவ்வளவுதான். வேலைக்குப் போகும் பெண்ணின் கண்ணில் மட்டுமே படக்கூடிய காட்சி அது என்று எனக்குத் தோன்றுகிறது. வீட்டிலேயே இருந்திருந்தால் அந்தப் பூங்காவை அந்த நேரத்தில் கடந்திருக்கவே மாட்டார். கோபன்ஹேகனில் மூன்றாண்டுகள் தாய்க்காகக் காத்திருந்த ஒரு பிள்ளையின் நினைவு அந்தப் பெஞ்சில் வந்து அமர்ந்திருக்கும் என்பது என் வாசிப்பு. நாவலின் கடைசியில், அந்தச் சிறுவன் டெக்நேர்லுண்டன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாக யாராவது நினைத்தால் அது தவறு, அவன் தொலைநாட்டில் தந்தையோடு நலமாக இருக்கிறான் என்று மறுபடி மறுபடி சொல்லப்படுகிறது. எத்தனை முறை சொன்னாலும் பெரியவர்களுக்குப் பெஞ்சுதான் தெரியும். பிள்ளைகளுக்கோ அவன் நலமாக இருக்கிறான்.

மதிய வேலை பற்றியும் சொல்ல வேண்டும். பிறருடைய பிரதிகளைப் படித்தார், ஏற்றார், மறுத்தார், மறுப்புக் கடிதங்களை எழுதினார், வெளிவரும் நூல்களின் பின்னட்டைக் குறிப்புகளை எழுதினார். ஸ்வீடனில் போருக்குப் பிந்தைய சிறுவர் இலக்கியம் மலர்ந்த ஆண்டுகள் அவை. அந்த மலர்ச்சியில் இந்த மேசைக்குப் பெரும் பங்குண்டு. 1953இல் இலோன் விக்லாண்ட் என்ற இளம் ஓவியர் வேலை கேட்டு வந்தார். 1944இல், பதினான்கு வயதில், எஸ்தோனியாவிலிருந்து அகதியாக வந்தவர். அப்போதுதான் மியோவை முடித்திருந்த லிண்ட்கிரென் அதற்கு ஒரு சோதனைப் படம் வரைந்து தரச் சொன்னார். வீட்டை இழந்த பிள்ளையின் கதைக்கு, வீட்டை இழந்து வந்த ஒருவர் முதன்முதலாக வரைந்தார். அதன்பின் லிண்ட்கிரெனின் பெரும்பாலான நூல்களின் முகமே விக்லாண்டின் கோடுகள்தான் என்றாயிற்று.

1952இல் கணவர் இறந்தார். லிண்ட்கிரெனுக்கு அப்போது நாற்பத்துநான்கு வயது. வேலை முறை மாறவில்லை. கோடையில் ஸ்டாக்ஹோம் தீவுக்கூட்டத்தில் உள்ள ஃபுருசுண்ட் வீட்டுக்குப் போய்விடுவார். அங்கே கடலைப் பார்த்த பால்கனியில் காலையில் எழுதுவார்.

1973இல் வந்த சிங்க இதயச் சகோதரர்கள், அவருடைய வேலை முறையின் பொறுமையைக் காட்டும் நூல். அதன் துண்டுகள் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு இடத்தில் கிடைத்தவை. விம்மர்பி கல்லறைத் தோட்டத்தில், 1860இல் இறந்த இரண்டு சின்னஞ்சிறு சகோதரர்களின் பெயர் பொறித்த சிலுவை. வெர்ம்லாண்டில் ஃப்ரூக்கன் ஏரிக்கரையோரம் ரயிலில் போகும்போது கண்ட ரோஜா நிற விடியல். ஒரு படப்பிடிப்புக்குத் தேர்வான சிறுவன் தன் அண்ணனின் மடியில் ஏறி அமர்ந்துகொண்ட காட்சி. இவை மூன்றும் சேர்ந்தபோது, இறந்த பிறகு நங்கியாலா என்ற நாட்டில் சந்தித்துக்கொள்ளும் யோனத்தானும் அவன் தம்பியும் வந்தார்கள். அங்கும் கொடுங்கோலன் டெங்கில் ஒரு பள்ளத்தாக்கைப் பிடித்து மதிலெழுப்பி வைத்திருக்கிறான். ரகசியச் செய்திகளை வெள்ளைப் புறாக்கள் சுமந்து பறக்கின்றன. இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் போர்க்காலத்தில் கடிதங்களைப் பிரித்துப் படித்த அந்தத் தணிக்கை மேசை எனக்கு நினைவுக்கு வரும். பிரிந்தவர்களின் செய்தி எந்தக் கையிலும் சிக்காமல் போய்ச் சேர வேண்டும் என்ற ஏக்கம், அதைப் பிரித்துப் படிக்க நேர்ந்த கைக்குத்தான் மிக ஆழமாக இருந்திருக்கும்.

சகோதரர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பற்றிக்கொண்டு, அடுத்த உலகமான நங்கிலிமாவை நோக்கி மலையுச்சியிலிருந்து குதிப்பதோடு நாவல் முடிகிறது. பிள்ளைகளுக்கு இப்படி ஒரு முடிவா என்று விமர்சகர்கள் சிலர் கடுமையாகக் கேட்டார்கள். சாவைக் கண்டு பயந்து கிடக்கும் பிள்ளைக்குத் துணை வேண்டும் என்று அவர் நினைத்தார். அந்தத் துணையைக் கதை தரலாம் என்று நம்பினார். நானும் அதையே நம்புகிறேன். நோயாளிக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் சாவைப் பற்றிய பேச்சைப் பெரியவர்கள்தான் தவிர்க்கிறார்கள். பிள்ளைகள் அதைத் தங்களுக்குள்ளே, விடையில்லாமல், கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பணம் பற்றிய ஒரு செய்தியும் இந்த வேலை வாழ்க்கையின் பகுதிதான். 1976இல், சுயதொழில் செய்பவர்கள் மீதான கட்டணங்களும் வருமான வரியும் சேர்ந்து, தன் கூடுதல் வருமானத்துக்கு 102 சதவீதம் வரி கட்ட வேண்டியிருப்பதை லிண்ட்கிரென் கண்டார். அதற்கு அவர் எழுதிய பதில், மோனிஸ்மானியா என்ற நாட்டில் வாழும் பொம்பெரிபோசா என்ற எழுத்தாளரைப் பற்றிய ஒரு கதை. மார்ச் மாதத்தில் எக்ஸ்பிரஸ்ஸன் நாளிதழில் வந்தது. நாடே அதைப் பேசியது. நாற்பது ஆண்டுகளாகத் தொடர்ந்து ஆண்ட சமூக ஜனநாயகக் கட்சி அந்த ஆண்டுத் தேர்தலில் தோற்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்று இன்றும் சொல்வார்கள். அவர் ஆயுள் முழுதும் அந்தக் கட்சியை ஆதரித்தவர் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

பதிப்பாசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின் அவருடைய மதியங்களைக் கடிதங்கள் நிறைத்தன. அவருடைய ஆவணத் தொகுப்பில் சுமார் 75,000 கடிதங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை வாசகர்கள், அதிலும் பிள்ளைகள், எழுதியவை. 1981இல், எழுபத்துமூன்று வயதில், கொள்ளைக்காரத் தலைவனின் மகளான ரோன்யாவின் கதையை வெளியிட்டார். இடி விழுந்து கோட்டை இரண்டாகப் பிளந்த இரவில் பிறக்கிற அந்தப் பெண்பிள்ளை காட்டைத் தனியாகப் பழகிக்கொள்கிறாள். பள்ளத்தைப் பற்றிய பயம் போக வேண்டுமென்றால் பள்ளத்தின் விளிம்பிலேயே பழக வேண்டும் என்று புரிந்துகொள்கிறாள். அவருடைய கடைசிப் பெரிய நாவல் அது. பிறகு கண்பார்வை மங்கியது. 2002 ஜனவரி 28 அன்று, தொண்ணூற்றுநான்கு வயதில், டாலகாத்தன் வீட்டிலேயே இறந்தார்.

குறிப்பேடுகள் மிஞ்சின. சுமார் 670. அவருடைய ஆவணத் தொகுப்பு ஸ்வீடனின் தேசிய நூலகத்தில் இருக்கிறது. 2005இல் யுனெஸ்கோ அதை உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் நெடுங்காலம் இந்தக் குறிப்பேடுகளை யாரும் படிக்கவில்லை. மெலின் முறை என்று அறியப்படும் ஸ்வீடன் சுருக்கெழுத்தில், அதிலும் அவருடைய சொந்தப் பழக்கங்கள் கலந்த கையில் எழுதப்பட்டவை அவை. அந்த முறை தெரிந்தவர்களோ ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டிருந்தார்கள். 2020இல் அறிஞர்கள் சிலர் இவற்றைப் படிக்கும் ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கினார்கள். கையெழுத்தை அடையாளம் காணும் கணினி நுட்பம் ஒருபுறம், மெலின் முறை தெரிந்த தன்னார்வலர்கள் மறுபுறம். சிங்க இதயச் சகோதரர்களின் வரைவுகளை அவர்கள் முதலில் எடுத்துக்கொண்டார்கள். ஒரு காலத்தில் அலுவலகங்களில் பிறர் சொன்னதை எழுதித் தந்தவர்கள், தங்களைப் போன்ற ஒருவர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டதை இப்போது எழுத்துப் பெயர்க்கிறார்கள் என்று படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. என் அலமாரியிலும் முப்பது ஆண்டுக் குறிப்பேடுகள் இருக்கின்றன. பிட்மேன் தெரிந்தவர் என் வீட்டில் வேறு யாரும் இல்லை.

அவருடைய குறிப்பேட்டுப் பக்கம் ஒன்றின் படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். மெலின் முறை எனக்குத் தெரியாது. ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஆனால் கை எங்கே ஓடியிருக்கிறது, எங்கே நின்றிருக்கிறது என்பது எந்த ஸ்டெனோவுக்கும் தெரியும். கோடுகள் சாய்ந்து, இடைவெளி குறைந்து, வரி கடைசிவரை ஒரே மூச்சில் போகும் இடத்தில் யாரோ உள்ளிருந்து சொல்லிக்கொண்டே போயிருக்கிறார்கள். பக்கத்தின் கீழ்ப்பகுதியில் நான்கு வரிகள் அடிக்கப்பட்டிருந்தன. அதன் கீழே அதே கோடுகள் மறுபடி தொடங்கின, முதல் இரண்டு சொல் அப்படியே, மூன்றாவது மட்டும் வேறு.